எட்டு வயதுத் தளபதி

கூலி எவ்வளவு கேட்பது, மனுவை எந்த அதிகாரியிடம் கொடுப்பது, எந்த ஊரில் எப்போது கூட்டம் என்று தோழர்கள் கேட்டால் நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். அவற்றுக்கெல்லாம் பதில் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆனால், தரங்கம்பாடியில் ஒரு தோழர் கேட்ட கேள்விக்கு அன்று நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. வாயடைத்து நின்றோம் என்றே ஒப்புக்கொள்கிறோம்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் கட்டிக் கிடந்தன. வலை பின்னும் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கிழிந்த வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். அங்கேதான் பேசிக்கொண்டிருந்தோம். விசைப்படகில் பங்குக்குப் போகும் தொழிலாளி அந்தத் தோழர். ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

“தோழர், என் பையனுக்கு எட்டு வயசு. போனில் ஓர் ஆட்டம் ஆடுகிறான். ஊர் கட்டுகிறான், படை திரட்டுகிறான், அடுத்தவன் ஊரைப் போய் அடித்து நொறுக்குகிறான். பொழுது விடிந்தால் இதே வேலை. ஆட விடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.”

சிரித்துவிட்டோம். சிரித்தது தவறு. கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய வீட்டிலும் அந்தக் கேள்வி இருந்தது என்பது முகங்களைப் பார்த்தபோது தெரிந்தது.

பொம்மை விளையாட்டுக்கும் கட்சி ஏட்டுக்கும் என்ன தொடர்பு என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, ஐயா! பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது, பாட்டு வாத்தியார் இருக்கிறார், பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது. உழைப்பவன் வீட்டில் அப்பன் கடலில். தாய் மீன் கூடையோடு சந்தையில். பிள்ளைக்குக் காவல்காரன், கதைசொல்லி, தோழன் எல்லாமே அந்தக் கைபேசிதான். அதுவும் எப்படி வந்தது? 2020 இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் போனில் வரும், போன் வாங்கு என்றார்கள். அந்தத் தோழர் ஆறாம் வகுப்பு படித்த மூத்த மகளுக்காகக் கடன் வாங்கி ஒரு போன் வாங்கினார். பள்ளி திறந்தது, பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. தவழ்ந்துகொண்டிருந்தவனின் தம்பி வயதில் இருந்த மகன் இன்று அதில் தளபதி!

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நமக்குப் பழக்கமில்லை. அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் பையனுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். ஆட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த வகையில் ஒன்றல்ல, பல இருக்கின்றன. 2012 இல் பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ என்ற ஆட்டம் உலகமெல்லாம் பரவியபின், அதைப் பார்த்து அச்சு வார்த்தாற்போல் வந்தவை பல.

ஆட்டம் இதுதான். வெறும் திடலில் ஒரு ஊர். அதில் சுரங்கம் தோண்டினால் தங்கம் வரும். தங்கத்தைக் கொண்டு கூடம், சுவர், பீரங்கி. பிறகு வீரர்கள்: வாள் பிடித்தவன், வில் பிடித்தவன், வெடிகுண்டோடு ஓடிச் சுவரைத் தகர்ப்பவன். படை சேர்ந்ததும் ஒரு பொத்தானைத் தொட்டால் வேறொருவனுடைய ஊர் திரையில் வருகிறது. அந்த வேறொருவன் கற்பனையல்ல. எங்கோ உட்கார்ந்து இதே ஆட்டத்தை ஆடும் இன்னொரு ஆள். அவன் ஊரில் படையை இறக்கிவிட வேண்டும். வீடுகள் சரிகின்றன. அவன் தங்கம் நம் கணக்கில் ஏறுகிறது. இரத்தம் ஒரு சொட்டு இல்லை. தலை துண்டாவதில்லை. எல்லாம் கொழுக்கட்டை போன்ற பொம்மைகள், அழகாகவே இருக்கின்றன.

பையன் கெட்டிக்காரன். எந்தப் பக்கம் சுவர் மெலிந்திருக்கிறது, பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், முதலில் யாரை இறக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறான். ஆயிரக்கணக்கில் கூட்டலும் கழித்தலும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதை மறைத்துவிட்டு ஆட்டத்தைத் திட்டுவது நேர்மையாகாது. நண்பர்கள் சேர்ந்து குழு அமைக்கிறார்கள். ஒருவன் ஊருக்கு ஆபத்து என்றால் மற்றவன் படை அனுப்புகிறான். சங்கம் கண்டவர்களுக்கு அது பிடிக்காமலா போகும்?

நாம் கேட்டோம்: “தம்பி, இது யாரு ஊரு?”

“யாரோ ஒருத்தன் ஊரு.”

“அவன் உன்னை என்ன செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யல. அவங்கிட்ட தங்கம் நெறைய இருக்கு.”

சொல்லிவிட்டு அடுத்த குண்டை இறக்கினான். அவன் குரலில் கோபம் இல்லை, வெறி இல்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால் போகிறானே, அதே குரல்.

இப்படிப்பட்ட ஆட்டங்கள் பிள்ளைகளைக் கொலைகாரர்கள் ஆக்கிவிடும் என்று முழங்குவோர் இருக்கிறார்கள். நாம் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் இதுபற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2020 இல் ஒரு தீர்மானம் வெளியிட்டது. கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற கொடுமைகளுக்கு இந்த ஆட்டங்களைக் காரணமாகக் காட்ட ஆதாரம் போதாது என்றது. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு தென்படுகிறது என்றும் அதே தீர்மானம் சொன்னது. ஆக, வீட்டில் பையன் தங்கையைத் தள்ளினால் அதற்கு ஆட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். வளர்ந்து கத்தி தூக்குவான் என்று அப்பன் தூக்கம் கெட வேண்டியதில்லை.

மேலும், போர் ஆட்டம் நமக்குப் புதிதா? சதுரங்கம் என்றாலே நால்வகைப் படை. யானையும் குதிரையும் வெட்டுப்பட்டு வெளியே விழுகின்றன. 2022 இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது நாடே கொண்டாடியது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில் தளங்களில், மண்டபத் திண்ணைகளில் கல்லிலேயே கட்டம் வெட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு செத்தது. பச்சையாகச் சொன்னால் கொலை ஆட்டம்! நம் பாட்டிமார் ஐந்து வயதுப் பேரப்பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? இதை யோசித்துக்கொண்டே அன்றிரவு பேருந்தில் திரும்பினோம்.

ஆடு புலி ஆட்டத்தில் ஆட்டுக்காரனாகவும் உட்கார வேண்டும். இன்று புலியாக இருந்தவன் நாளை ஆடு. ஆடுகள் தனித்தனியே சிதறினால் சாவு. ஒன்றுக்குப் பின் ஒன்று நெருங்கி நின்றால் புலி அசைய முடியாது. எதிரே ஆயா உட்கார்ந்திருக்கிறாள்; அவள் முகம் தெரிகிறது; தோற்றால் அவள் சிரிப்பதும் தெரிகிறது. அடுப்பில் உலை கொதித்தால் ஆட்டம் முடிந்தது. காய்கள் புளியங்கொட்டை, காசு கேட்பதில்லை.

போனில் உள்ள ஊரிலோ, வீடிழந்தவன் முகம் தெரிவதில்லை. இடிந்த ஊர் ஒரு நொடியில் மறைந்துவிடுகிறது. அங்கே மிஞ்சுவது மதிப்பெண் மட்டும். பையன் ஆடும் ஆட்டத்தில் இன்னொரு விதியையும் பார்த்தோம். அவன் திரையைத் திறந்து வைத்திருக்கும்வரை அவன் ஊரை எவனும் தாக்க முடியாது. மூடிவிட்டுத் தூங்கப் போனால்தான் ஆபத்து. காலையில் எழுந்தால், “நீ இல்லாதபோது உன் ஊர் கொள்ளை போயிற்று” என்று சேதி காத்திருக்கிறது. கூடவே ஒரு பொத்தான்: பழி வாங்கு! எட்டு வயதுப் பிள்ளையை எழுந்திருக்க விடாமல் உட்கார வைக்க இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேண்டுமா? இரவு ஒன்பது மணிக்குத் தாய் போனைப் பிடுங்கும்போது அவன் அழுவது பிடிவாதத்தால் மட்டுமல்ல. அவன் கணக்குப்படி, அம்மா ஊரைக் காட்டிக்கொடுக்கிறாள்!

இந்த விதியை எழுதியவன் பிள்ளையை எண்ணி எழுதவில்லை, கல்லாப்பெட்டியை எண்ணி எழுதினான். ஆட்டம் இலவசம் என்கிறார்கள். ஆனால், கூடத்தை ஒருபடி உயர்த்த ஒரு நாள் காத்திரு, இரண்டு நாள் காத்திரு என்கிறது. காத்திருக்க முடியாதவனுக்கு மணிக்கற்கள் விற்கிறார்கள், நிஜப் பணத்துக்கு. இந்தச் சில்லறை எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள்: மேலே சொன்ன பின்லாந்து நிறுவனத்தின் 84 சதவீதப் பங்கை வாங்க, 2016 இல் சீனத்து டென்சென்ட் நிறுவனத்தின் தலைமையிலான குழு பேசிய விலை 860 கோடி டாலர். ரூபாய் அல்ல, டாலர்! அதே சீனம் 2021 இல் தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு என்ன விதித்தது தெரியுமா? பதினெட்டு வயது ஆகாதவர்கள் இணைய ஆட்டம் ஆட வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஒரு மணி நேரம். தன் வீட்டுப் பிள்ளைக்கு அளந்து கொடு, ஊரான் பிள்ளைக்கு அள்ளிக் கொடு!

நம் அரசுகள் என்ன செய்தன? பப்ஜி ஆட்டத்தை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 118 செயலிகளில் அதுவும் ஒன்று. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, பயனாளிகளின் தகவல். பிள்ளைகளின் மனம் அந்தக் காரணங்களில் இல்லை. தமிழ்நாடு இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022 இல் சட்டம் இயற்றியது. 2025 பிப்ரவரியில் விதிகளும் வந்தன: பணம் வைத்தாடும் ஆட்டத்தில் சிறுவர்களைச் சேர்க்கக் கூடாது, நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை அதைத் திறக்கக் கூடாது என்று. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியில் குடும்பம் அழிந்த கதைகள் நம் ஊர்களிலேயே உண்டு. அந்தச் சட்டங்கள் வேண்டியவைதான். ஆனால், நம் எட்டு வயதுத் தளபதி சூதாடவில்லை. அவனை எந்தச் சட்டமும் தொடவில்லை.

கடையில் வயது போட்டிருக்கிறதே என்பார்கள். ஆம், மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு என்று எண் போட்டிருக்கிறது. அந்த எண் எப்படி வருகிறது? ஆட்டம் செய்தவன் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறான்: இரத்தம் உண்டா, கெட்ட சொல் உண்டா, பயமுறுத்தும் காட்சி உண்டா? விடைக்கு ஏற்ப எண் விழுகிறது. சினிமாவுக்குத் தணிக்கைக் குழு இருக்கிறது. 2024 முதல் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயது பிரித்தும் சான்று தருகிறார்கள். விளையாட்டுக்கு அப்படிப் பார்த்துச் சான்று தரும் குழு நம் நாட்டில் இல்லை. எண் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனிதனை நேராகச் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்தில் பதினாறு என்று போட்டிருந்தால் எட்டு வயதுக்கு அது கூடாது. அதில் பேச்சே இல்லை. ஆனால், இரத்தம் இல்லாத கொள்ளையை அந்தக் கேள்வித்தாள் எப்படி அளக்கும்? “அவங்கிட்ட தங்கம் இருக்கு” என்ற அந்தப் பதிலை அளக்க அதில் கட்டம் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி போனோம். பையனையும் அப்பனையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக் கோட்டைக்கு நடந்தோம். தரங்கம்பாடிப் பிள்ளைக்குக் கோட்டை புதிதல்ல; பந்து விழுந்தால் எடுக்கப் போகும் இடம். அது யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நாம் சொன்னோம்.

1620 இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை எழுதி வாங்கி, மிளகு வாணிகத்துக்கு வந்த கம்பெனி இந்தக் கோட்டையை எழுப்பிற்று. வாணிகம் தேறவில்லை. 1642 முதல் கம்பெனியின் ஆட்கள் வங்காளத்து முகலாயர் மேல் போர் என்று சொல்லிக்கொண்டு, வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்கத் தொடங்கினார்கள். பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பலே வராத நீண்ட காலம் ஒன்று வந்தது. எஸ்கில்ட் கொங்ஸ்பாக்கே என்பவன் கோட்டைக்குத் தலைவனாக இருந்தான். அவனும் கப்பல் பிடித்தே காலம் தள்ளினான். அப்படி வந்த பணத்தில் ஊரைச் சுற்றிச் சுவரும் எழுப்பினான். 1669 இல்தான் அவன் நாட்டிலிருந்து கப்பல் வந்து சேர்ந்தது. கடைசியில் 1845 இல், கோட்டை, ஊர், குடிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊரில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பையன் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். முதல் கேள்வி என்ன தெரியுமா? “அவன் கட்டினது எந்த லெவல் சுவரு?” அப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். நமக்குச் சிரிப்பு வந்தது. கடலைப் பார்த்து நிற்கும் பீரங்கி ஒன்றைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று கேட்டான்: “புடிச்ச கப்பல்ல இருந்தவங்கல்லாம் என்ன ஆனாங்க?”

அப்பனுக்கு அது சுருக்கென்றது. கடலில் படகு பிடிபடுவது என்றால் என்ன என்று இக்கரைக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டினாய் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப்போய், படகும் வலையும் அக்கரையில் கிடக்க, ஆள் மட்டும் திரும்பிய வீடுகள் இக்கரையில் பல உண்டு. அவர் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசத் தொடங்கினார். பிடிபட்ட படகின் கடனை யார் கட்டுவது, அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும், ஆறு மாதம் அப்பனைப் பார்க்காத பிள்ளை என்ன கேட்கும் என்று அவர் சொன்னதை நாம் எழுதினால் அவ்வளவு நன்றாக வராது. இரண்டு மணி நேரம் திண்ணையில் ஆட்டத்தைப் பார்த்து நாம் கண்டுபிடித்ததைக் காட்டிலும் அதிகம் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது. பையன் கேட்டுவிட்டு, மாங்காய்ப் பத்தை வாங்கித் தரச் சொன்னான். எட்டு வயது அல்லவா!

வாசலில், 1792 இல் கட்டிய அந்த வெள்ளை நகர வாயிலருகே நின்று, ஒரு வாரம் தாமதமாக நம் பதிலைச் சொன்னோம். எட்டு வயதுப் பிள்ளை தனியே ஆட இந்த ஆட்டம் ஆகாது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இது யார் ஊர், அவன் நாளைக்கு என்ன செய்வான்” என்று கேட்டுக்கொண்டே அரை மணி நேரம் ஆடலாம். கூப்பிட்டால் எழுந்து வருகிறானா என்று பாருங்கள்; வராவிட்டால் ஒரு மாதம் நிறுத்துங்கள். பணம் கட்டும் வழியை அடைத்துவிடுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயது அண்ணன்மார் ஆடினால் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஆட்டம் எது, ஊர் எது என்று பிரித்துப் பார்க்கும் வயது அது.

தோழர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “எல்லாம் சரி, தோழர். ஜூன் 15 விடிந்தால் நான் கடலில் இருப்பேன். பக்கத்தில் உட்காருவது யார்?”

இதற்கும் நம்மிடம் பதில் இல்லை. எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை என்று நாம் கேட்பதெல்லாம் கூலிக்காக மட்டும்தானா? பிள்ளை பக்கத்தில் உட்கார ஓர் அரை மணி நேரம் கிடைக்கவும்தான். அது கைக்கு வரும்வரை, கிளைத் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். நம் படிப்பகங்கள் மாலையில் பாதி காலியாகக் கிடக்கின்றன. மேசை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நாலு பெரியவர்கள் நாளிதழைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சதுரங்கப் பலகையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் வாங்க நிதி திரட்ட வேண்டியதில்லை. அந்த நாலு பெரியவர்களில் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் போதும்.

தோழர் வழி வேறாக இருந்தது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய போன். தடைக்காலம் முடிந்ததும் அதைத் தாமே எடுத்துக்கொண்டு படகேறிவிட்டார். வீட்டில் மிஞ்சியது ஆயாவின் பொத்தான் போன். முதல் மூன்று நாள் பையன் சோறு வேண்டாம் என்று சண்டை பிடித்தானாம். நான்காம் நாள், ஆயா திண்ணையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டாளாம்.

சென்ற வாரம் தோழர் ஊருக்கு வந்தபோது நிலவரம் கேட்டோம். ஆட்டம் நடக்கிறதாம். பையன் எப்போதும் புலியாகத்தான் இருப்பேன் என்கிறானாம்; ஆயா விடுவதில்லையாம்.